தெம்பு வந்ததும் நிறுத்திவிடாதீர்கள்

மனநல மருத்துவர் எதை எழுதிக் கொடுத்தாலும் நம்மூர்களில் அதைத் தூக்க மாத்திரை என்றே நினைக்கிறார்கள். 'பழகிட்டா அப்புறம் விட முடியாது' என்று சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். அதை நம்பி, மனச்சோர்வு கொஞ்சம் விலகியதும் மாத்திரையை விட்டுவிட்டு, சில மாதங்களில் முன்பைவிட மோசமாகத் துவண்டுபோகிறவர்கள் எங்கள் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் மட்டுமல்ல, எங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்காகவே இந்தக் கட்டுரை.

எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின், ஃப்ளூவாக்ஸெட்டின் போன்றவை மனச்சோர்வுக்கான மருந்துகள். இவை போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. பதற்றத்துக்குத் தரப்படும் அல்பிரசோலம், டயசிபாம் வேறு வகை. அவற்றுக்குத்தான் அந்த ஆபத்து உண்டு. அதனால் 2014 முதல் அவை 'எச்1' பட்டியலில் உள்ளன. விற்கும் கடைக்காரர் நோயாளியின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். சிகிச்சையின் தொடக்கத்தில் இரண்டு வகையும் ஒரே சீட்டில் வரலாம். எது சில நாட்களுக்கு மட்டும், எது பல மாதங்களுக்கு என்று மருத்துவரிடமே கேட்டுச் சீட்டில் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் சில வாரங்கள்தான் சிரமமானவை. குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு எல்லாம் முதலில் வந்துவிடும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் கைவிடுவது இந்த இடைவெளியில்தான். 25 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் இன்னொரு கவனமும் வேண்டும். தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-லும் 2007-லும் இதற்காகவே எச்சரிக்கை விடுத்தது. பிள்ளை நிலைகொள்ளாமல் தவித்தாலோ, தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு அலைந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவரை மாத்திரை அட்டை வீட்டில் பெரியவர் ஒருவர் கையில் இருக்கட்டும்.

நலமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டியிருக்கும். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம்; தலைக்குள் ஷாக் அடித்ததுபோல் வெட்டி வெட்டி இழுக்கலாம். உடல் மருந்துக்குப் பழகியிருப்பதன் விளைவு இது, போதைப் பழக்கம் அல்ல. அளவைப் படிப்படியாகக் குறைத்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நடவு, அறுவடைக் காலத்தில் மருத்துவரைப் பார்க்கக் குமராட்சி வழியாகச் சிதம்பரம் போய்வர ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும் என்பது உண்மை. ஆகவே கையிருப்பு தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிடுங்கள். ஃப்ளூவாக்ஸெட்டினும் எஸ்சிட்டலோபிராமும் 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் எந்த அரசு மருத்துவமனையில், எந்தக் கிழமை மருத்துவர் வருகிறார் என்று விசாரித்தால் அலைச்சல் குறையலாம்.

வயல் வேலை முடிந்து மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரையிலும் கண் வையுங்கள். டிரமடால் மனச்சோர்வு மருந்தோடு சேர்ந்தால் உடல் நடுங்கி, காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் சேர்ந்தால் இரத்தக் கசிவு கூடும். மது வேண்டவே வேண்டாம். பிரஷருக்கு 'நீர் மாத்திரை' சாப்பிடும் முதியவர்களுக்கு உப்புச் சத்து குறைந்து தடுமாற்றம் வரலாம்.

2018-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 உங்களுக்குச் சில உரிமைகளைத் தருகிறது. என்ன நோய், என்ன சிகிச்சை, தெரிந்த பக்கவிளைவுகள் எவை என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும் (பிரிவு 22). உங்கள் விவரத்தை ரகசியமாகக் காக்க வேண்டும் (23). மருத்துவக் குறிப்புகளைக் கேட்டுப் பெறலாம் (25). கூட்டம் அதிகம் என்பதால் இரண்டு நிமிடத்தில் சீட்டைக் கிழித்துக் கொடுத்து அனுப்புவதை நான் ஏற்கமாட்டேன். விளக்கம் கிடைக்காததால் வரும் பயமும் குழப்பமும்தான் பிறகு வீட்டில் மாத்திரையை நிறுத்த வைக்கின்றன. குறை இருந்தால் முதலில் மருத்துவமனைப் பொறுப்பு அலுவலரிடமும், தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியத்திடமும் முறையிடலாம் (28). சீட்டு இல்லாமல் விற்கும் கடையைப் பற்றி மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். மனம் தாங்காத நேரத்தில் பேச, 14416 என்ற டெலி மானஸ் எண் இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

யாராவது மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டால், போலீஸ் கேஸ் ஆகுமென்று மறைக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக்கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு. உடனே 108-ஐ அழைத்து, காலியான அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.