ஆர்ஜினின் மாத்திரை அடைப்பைக் கரைக்குமா?

"இருதயத்திற்கு நல்லது, ரத்தக் குழாய் அடைப்பைக் கரைக்கும்" என்று விற்கப்படும் பொட்டலங்களின் பின்புறத்தைப் படித்துப் பார்த்தால், பலவற்றில் எல்-ஆர்ஜினின் என்ற பெயர் இருக்கும். இது ஓர் அமினோ அமிலம். நிலக்கடலை, பருப்பு, மீன், கோழி என நாம் அன்றாடம் உண்பவற்றிலேயே உள்ளது. உடலும் ஓரளவு தானே தயாரித்துக் கொள்கிறது.

பிறகு ஏன் மாத்திரை? அதற்கும் ஒரு காரணம் இருக்கத்தான் செய்கிறது. ரத்தக் குழாயின் உட்சுவர் செல்கள் ஆர்ஜினினைக் கொண்டு நைட்ரிக் ஆக்ஸைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அது குழாயை விரியச் செய்கிறது. தட்டணுக்கள் சுவரில் ஒட்டாமல் தடுக்கிறது. இந்த வாயுவின் பணியைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொழுப்பு படிந்து தடித்த குழாயில் வாயு குறைந்து விடுகிறது. மூலப்பொருளைக் கூட்டினால் வாயுவும் கூடும் என்பதே கணக்கு. 1992-இல் ஜான் குக் குழுவினர், கொழுப்புணவு கொடுத்த முயல்களுக்கு ஆர்ஜினினும் கொடுத்தபோது படிவு குறைந்தது.

முயலுக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் மாரடைப்பு வந்த 153 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 9 கிராம் வரை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்தனர். குழாயின் விறைப்பு குறையவில்லை. ஆர்ஜினின் உண்டவர்களில் 6 பேர் இறந்தனர். போலி மாத்திரை உண்டவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. சோதனையில் ஆள் சேர்ப்பது நிறுத்தப்பட்டு, 2006-இல் முடிவு வெளியானது. ஆறு என்பது சிறிய எண்ணிக்கை, தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் பலன் என்று காட்ட ஒன்றுமே இல்லையே!

2007-இல் குக் குழுவினரே, கால் குழாய் அடைப்பால் நடக்கச் சிரமப்பட்ட 133 பேரைச் சோதித்தனர். ஆறு மாதம் கழித்து, போலி மாத்திரை உண்டவர்களே நடை தூரத்தில் அதிகம் முன்னேறியிருந்தனர். தங்கள் நம்பிக்கைக்கு எதிரான முடிவை அவர்கள் மறைக்காமல் வெளியிட்டது பாராட்டுக்குரியது.

காரணம் என்ன? பெரும்பாலோருக்கு ஆர்ஜினின் பற்றாக்குறையே கிடையாது. பழுதாவது, அதை வாயுவாக மாற்றும் நொதி. பழுதடைந்த நொதி வாயுவுக்குப் பதிலாகக் குழாயைக் கெடுக்கும் பொருளையும் உண்டாக்கி விடுகிறது.

நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மாத்திரையோ, ரத்த அழுத்த மாத்திரையோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்து உண்டால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கக்கூடும். மருந்துச் சீட்டில் இல்லாததால் டாக்டருக்கும் இது தெரிவதில்லை. அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது அந்தப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.