ஐ.இ.பி. மீட்டிங்குக்குப் போகும் முன்

யூ.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்குத் தனிக் கல்வித் திட்டம் (ஐ.இ.பி.) போட வேண்டும், பெற்றோர் இருவரும் வாருங்கள் என்று பள்ளியிலிருந்து போன் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கும். சென்னை கோபாலபுரம் மாதிரிப் பகுதியில் பெரிய பள்ளிகளும் தெரபி சென்டர்களும் ஆட்டோ தூரத்தில்தான். ஆனாலும் ஐ.இ.பி. மீட்டிங்கில் என்ன பேசுவது என்பதைச் சொல்லித்தர ஆள் குறைவு. பீரோவில் இருக்கும் ரிப்போர்ட்டையெல்லாம் ஃபைலில் அடுக்கிக்கொண்டு போவதோடு பலருக்கும் தயாரிப்பு முடிந்துவிடுகிறது.

முதலில் காதும் கண்ணும்

பேச்சு தாமதம், கூப்பிட்டால் திரும்பாமை, வகுப்பில் கவனமின்மை என எது சொல்லப்பட்டாலும், முதலில் செவித்திறனைப் பார்த்துவிடுங்கள். அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டு, ஒரு வாரம் நன்றாகவும் மறுவாரம் மந்தமாகவும் கேட்கும். வீட்டில் கார்ட்டூன் சத்தத்துக்கு ஓடி வருகிறானே என்று நாம் அலட்சியமாக இருந்துவிடுவோம். சொல்வதைச் செய்து காட்ட முடியாத சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்கத்திலேயே எடுக்கும் பெரா பரிசோதனை இருக்கிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுப் பவர் பார்ப்பதும் அவசியம். எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனை கோபாலபுரத்திலிருந்து தூரமில்லை.

சில நொடிகள் வெறித்துப் பார்த்து நின்றுவிடுவது ஒருவகை வலிப்பாக இருக்கலாம். குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். இரும்புச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், இரவில் குறட்டையால் கெடும் தூக்கம் ஆகியவையும் வகுப்பில் 'அடம்' என்ற பெயரில் வெளிப்படும். வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளை காலை முதல் பீரியடில் சொக்கினால், அதை மீட்டிங்கில் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து வயதில் டிஸ்லெக்ஸியா என்று யாராவது முத்திரை குத்தினால் மட்டும் அவசரப்பட்டு ஏற்காதீர்கள். அந்த வயதில் அதை உறுதிசெய்ய முடியாது.

ஒரே ஒரு தாள்

நாற்பது பக்க ஃபைலை மீட்டிங்கில் யாரும் படிக்கப்போவதில்லை. பிள்ளையின் ஒரு நாளை ஒரு தாளில் எழுதுங்கள். தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்கிறான், டாய்லெட் அவசரத்தை எப்படிக் காட்டுகிறான், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்துகிறான், அழுதால் எது அடக்கும், எதைச் செய்தால் மணிக்கணக்கில் உட்காருவான் என்பவைதான் டீச்சருக்குத் திங்கள்கிழமையே பயன்படும். பிற்பகலெல்லாம் பிள்ளையோடு இருப்பது பாட்டி என்றால் அவரையும் அழைத்துப் போங்கள். அப்பாவுக்குத் தெரியாத பாதி அவருக்குத் தெரியும்.

கேட்க வேண்டியவை

அமெரிக்காவில் 1975 சட்டம் ஐ.இ.பி.யைக் கட்டாயமாக்கி, பெற்றோரையும் குழுவில் சேர்த்தது. நம் 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஐ.இ.பி. மீட்டிங் என்று ஒன்று இல்லை. ஆனால் பிரிவு 16, அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும், பிள்ளைக்குத் தேவையான ஆதரவைத் தர வேண்டும், முன்னேற்றத்தைக் கண்காணிக்க வேண்டும் என்கிறது. பிரிவு 31 தரும் இலவசக் கல்வி உரிமை 6 வயதிலிருந்துதான், அதுவும் குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு. பேச்சில் இதை வாளாக வீசத் தேவையில்லை; தெரிந்திருந்தால் குரல் நடுங்காது.

'கவனம் மேம்பட வேண்டும்' என்ற இலக்கை ஏற்காதீர்கள். 'பையை வைத்துவிட்டு வட்டத்தில் உட்கார் என்றால் ஐந்தில் நான்கு முறை செய்வான்' என்பது இலக்கு. யார் பயிற்சி தருவார், வாரம் எத்தனை முறை, எந்தப் பீரியடை விட்டு வெளியே அழைத்துப் போவார்கள் என்று கேளுங்கள். பாட்டும் விளையாட்டும் பறிபோனால் மறுப்பு சொல்லுங்கள். வகுப்பில் அவன் மற்றவர்களோடு சேர்வது அங்கேதான். ஸ்பெஷல் எஜுகேட்டர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றவரா என்று விசாரிப்பது அவமரியாதை ஆகாது. வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருக்கும் ஷேடோ டீச்சரை உங்கள் செலவில் போடச் சொன்னால், எத்தனை மாதத்தில் அவர் விலகுவார் என்ற திட்டத்தையும் எழுத்தில் கேளுங்கள். இல்லாவிட்டால் வகுப்பாசிரியர் பிள்ளையை அவர் பொறுப்பில் விட்டுவிட்டுத் தள்ளி நிற்பார்.

சந்தேகம் இருந்தால், மீட்டிங்குக்கு முன்பே கோட்டூர்புரம் வித்யாசாகரில் பேசிப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்காக 1985-ல் தொடங்கிய அமைப்பு அது.

அன்று இரவே

பேசியதை ஐந்தாறு வரியில் எழுதிப் பள்ளிக்கு மெயில் அனுப்புங்கள்: ஒப்புக்கொண்டவை, பொறுப்பாளர், அடுத்த ரிவ்யூ தேதி. தேதி குறிக்காமல் எழுந்து வந்திருந்தால், மெயிலின் முதல் வரியிலேயே அதைக் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் தள்ளிப் போட விடாதீர்கள்.