தூதர் திறந்த வழி

ஒரு நாட்டில் வாழும் மக்கள் அந்நாட்டை விட்டு நீங்கி வேறொரு நாட்டிற்குச் சென்று குடியேற விரும்பின், அதற்கு மூன்று இசைவுகள் வேண்டும். அவர்களை விடுக்கும் நாடு இசைதல் வேண்டும். ஏற்கும் நாடு இசைதல் வேண்டும். இடைவழியில் மற்றொரு நாடு இருப்பின் அதுவும் இசைதல் வேண்டும். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் பயணம் நடைபெறாது. படைவலியால் பெற இயலாத இவ்விசைவுகளைச் சொல்வன்மையாலும் பொறுமையாலும் பெற்றுத் தருவோரே அரசியல் தூதர். அவர்தம் பணி பெரும்பாலும் மூடிய அறைகளுள் நிகழ்வது. ஆதலின், வரலாற்று நூல்களில் படைத்தலைவர் பெறும் இடத்தை அவர் பெறுவதில்லை. எத்தியோப்பியாவில் வாழ்ந்த யூதர் இஸ்ரேல் நாட்டிற்குக் குடிபெயர்ந்த வரலாறு அப்பணியின் இயல்பை நன்கு விளக்குவதாகும்.

எத்தியோப்பியா, ஆப்பிரிக்காவின் கிழக்கே அமைந்த மலைநாடு. அதன் வடபால் கோண்டார் நகரைச் சூழ்ந்த குன்றுகளிலும் திக்ரே பகுதியிலும் யூத சமயத்தைப் பின்பற்றும் மக்கள் பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வந்தனர். அவர்கள் தம்மைப் ‘பேட்டா இஸ்ரேல்’ என வழங்கிக்கொண்டனர். ‘இஸ்ரேலின் இல்லம்’ என்பது அதன் பொருள். அயலவரோ அவர்களைப் ‘பலாஷா’ என்றனர். நிலமற்றவர், அயலார் என்னும் இழிபொருள் அச்சொல்லில் இருந்தமையின் அவர்கள் அதனை விரும்பினாரல்லர். நிலவுரிமை மறுக்கப்பட்டமையால் அவருள் ஆடவர் பலர் கொல்லுத் தொழிலையும், மகளிர் மட்கலம் வனையும் தொழிலையும் மேற்கொண்டனர். உழுதற்குக் கொழுவும் உலையேற்றப் பானையும் அவர்களிடமே வாங்கிய அயலார், இரும்பை உருக்குவோர் தீய கண்ணுடையவர் என்று அஞ்சி அவர்களை ஒதுக்கியும் வைத்தனர். கருவியைக் கைக்கொண்டு, அதனைச் செய்தவனைத் தள்ளிவைக்கும் வழக்கம் அந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று.

அவர்தம் மறைநூல் எபிரேய மொழியில் இல்லை. எத்தியோப்பியாவின் பழைய மொழியாகிய கீஸ் மொழியில் இருந்தது. பிற நாட்டு யூதர் பின்னாளில் ஏற்றுக்கொண்ட சட்ட நூல்களையும் சில திருநாள்களையும் அவர்கள் அறியார். ஆயினும், ஆண்டுதோறும் ‘சிக்த்’ என்னும் விழா நாளில் நோன்பிருந்து மலையுச்சிக்கு ஏறி, எருசலேமுக்குத் திரும்பும் நாள் வாய்க்க வேண்டும் என்று வேண்டி நின்றனர். உச்சியை அடைந்து, வேண்டி, மீண்டும் தத்தம் சிற்றூருக்கு இறங்கி வருவது தலைமுறை தலைமுறையாக நடந்தது.

1948-ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாடு தோன்றிற்று. யூதர் எவரும் அங்கு வந்து குடியேறலாம் என்னும் சட்டம் 1950-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அச்சட்டம் எத்தியோப்பிய யூதருக்கும் பொருந்துமா என்பதில் மட்டும் அந்நாட்டார் நெடுங்காலம் ஐயுற்று நின்றனர். அவர்கள் உண்மையான யூதரே என்று தலைமைச் சமயகுரு ஒவாதியா யோசேப்பு 1973-ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தார். அரசு 1975-ஆம் ஆண்டில் அதனை ஏற்றது. ஏற்கும் நாட்டின் இசைவு கிடைப்பதற்கே இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்தன என்பதை மறத்தல் கூடாது. கதவு அடைபட்டிருந்தமைக்கு அயல்நாட்டாரை மட்டும் குறை கூறுவதற்கில்லை.

இதற்குள் எத்தியோப்பியாவில் நிலைமை மாறிவிட்டது. அந்நாடு 1973-ஆம் ஆண்டில் இஸ்ரேலுடன் தூதுறவை முறித்துக்கொண்டது. மறு ஆண்டில் பேரரசர் ஹைலே செலாசி அரியணையிலிருந்து நீக்கப்பட்டார். படைவீரர் குழு ஒன்று ஆட்சியைக் கைப்பற்றியது. மெங்கிஸ்து ஹைலே மரியம் அதன் தலைவரானார். மக்கள் நாட்டை விட்டு வெளியேறுவதை அவ்வரசு தடுத்தது. ஆனால், 1977-ஆம் ஆண்டில் சோமாலியாவுடன் போர் மூண்டபோது மெங்கிஸ்துவுக்குப் படைக்கலங்கள் தேவைப்பட்டன. இஸ்ரேல் அவற்றை மறைவாக விடுத்தது. சரக்கை இறக்கிய வானூர்திகள் வெறுமையாகத் திரும்பாமல் யூதர் சிலரை ஏற்றிவர இசைவு கிடைத்தது. ஏறத்தாழ 120 பேரே அவ்வாறு வந்தனர். 1978-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இஸ்ரேலின் அயலுறவு அமைச்சர் மோசே தயான், எத்தியோப்பியாவுக்குத் தம் நாடு படைக்கலம் தருவதைச் செய்தியாளர் முன் ஒப்புக்கொண்டார். மறைவு வெளிப்பட்டது, மெங்கிஸ்து கதவைச் சாத்தினார். ஒரு விடை, பல்லாயிரவர் பயணத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவிட்டது.

நேர்வழி அடைபடவே, மக்கள் சுற்றுவழியை நாடினர். மேற்கே சூடான் நாட்டில் ஏதிலியர் முகாம்கள் இருந்தன. பஞ்சத்தாலும் உள்நாட்டுப் போராலும் எத்தியோப்பியர் பலர் அங்கு ஓடிக்கொண்டிருந்தனர். அக்கூட்டத்தோடு யூதரும் கலந்து சென்றனர். முதியோரும் கைக்குழந்தை ஏந்திய தாயரும் பகலில் ஒளிந்தும் இரவில் நடந்தும் பல நூறு கிலோமீட்டர் கடந்தனர். கள்வர் வழிப்பறி செய்தனர். நீரின்றிப் பலர் வீழ்ந்தனர். முகாமை அடைந்த பின்னரும் துன்பம் தீர்ந்தபாடில்லை. தாம் யூதர் என்பதை மறைத்தே அங்கு வாழவேண்டியிருந்தது. நோயும் பசியும் அவர்களை வாட்டின. வழியிலும் முகாமிலும் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என்று கணக்கிடுவர்.

சூடான், அரபு நாடுகளின் கூட்டமைப்பில் உறுப்பு நாடு. இஸ்ரேலைப் பகைநாடாகக் கருதியது. அத்தகைய நாடு யூதரை இஸ்ரேலுக்கு எங்ஙனம் அனுப்பும்? ஈண்டுத்தான் தூதுரைப்போரின் நுட்பம் புலப்படுகின்றது. சூடானின் அதிபர் நிமெய்ரி, பொருள் முட்டுப்பாட்டால் அமெரிக்க உதவியைப் பெரிதும் எதிர்நோக்கியிருந்தார். ஆதலின், இஸ்ரேல் தான் பேசாமல் அமெரிக்காவைப் பேச வைத்தது. அமெரிக்கத் தூதரகத்தாரும் சூடானின் பாதுகாப்புத் துறையினரும் கூடி ஓர் ஏற்பாடு செய்தனர். ஏதிலியர் இரவில் பேருந்துகளில் தலைநகராகிய கார்ட்டூமுக்குக் கொண்டுவரப்படுவர். பெல்ஜிய நாட்டு நிறுவனம் ஒன்றன் வானூர்தி அவர்களைப் பிரஸ்ஸல்ஸ் நகருக்கு ஏற்றிச் செல்லும். அங்கிருந்து அது இஸ்ரேலுக்குப் பறக்கும். சூடானைப் பொறுத்தவரை, ஏதிலியர் சிலர் ஐரோப்பாவுக்குச் சென்றனர்; அவ்வளவே. எதிர்த்தரப்பார்க்குத் தம் மக்கள் முன்னும் நட்பு நாடுகள் முன்னும் தலைகுனியா வண்ணம் ஒரு வழி சமைத்துத் தருதல் தூதரின் கடமைகளுள் முதன்மையானது. மாணவர்களே, ஒருவன் இணங்க மறுப்பதற்கு எல்லா நேரமும் மனமின்மையே காரணமன்று. இணங்கினால் பிறர் என் சொல்வரோ என்னும் அச்சமும் காரணமாகும்.

1984-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் தொடங்கிய இப்பணிக்கு, எகிப்திலிருந்து தம் மக்களை அழைத்துவந்த மோசேயின் பெயரை இட்டனர். ஏழு வாரங்களுக்குள் 8,000 பேர் அளவில் இஸ்ரேலை அடைந்தனர். இம்முறையும் சொல்லே பகையாயிற்று. இஸ்ரேல் தரப்பினர் சிலர் வாய்தவறி உரைத்தது செய்தித்தாளில் வெளிவந்து, உலகெங்கும் பரவியது. அரபு நாடுகள் சூடானைக் கடிந்தன. 1985-ஆம் ஆண்டு சனவரி 5-ஆம் நாள் பயணங்கள் நின்றன. முகாமில் எஞ்சியோரின் பொருட்டு, அமெரிக்கத் துணைத்தலைவராக இருந்த சார்ஜ் புஷ், மார்ச்சு மாதத்தில் கார்ட்டூம் சென்றபோது நிமெய்ரியிடம் பேசினார். அதன் பயனாக அமெரிக்கப் படை வானூர்திகள் ஏறத்தாழ 500 பேரை ஏற்றிச் சென்றன. ஏப்பிரல் 6-ஆம் நாள் நிமெய்ரியின் ஆட்சி கவிழ்ந்தது. சில வாரங்கள் காலந் தாழ்த்தியிருப்பின் அந்த ஐந்நூற்றுவர் கதி என்னாகியிருக்கும் என்று கூறவேண்டுவதில்லை.

சூடான் வழியும் அடைபட்டது. நடக்க வல்லவராகிய இளைஞர் பலர் இஸ்ரேலில் இருந்தனர். நடக்கமாட்டாத பெற்றோர் கோண்டார் மலைகளில் இருந்தனர். கணவன் ஒரு நாட்டிலும் மனைவி ஒரு நாட்டிலுமாகப் பிரிந்த குடும்பங்களும் உண்டு. பாதி மீட்சி சிலபோது முழுச்சிறையினும் கொடிதாகின்றது.

1989-ஆம் ஆண்டில் காற்று மாறி வீசியது. சோவியத்து நாடு மெங்கிஸ்துவுக்கு அளித்துவந்த உதவியைக் குறைத்தது. வடக்கே புரட்சிப் படையினர் ஊர்தோறும் வென்று முன்னேறினர். புதிய துணை தேடிய மெங்கிஸ்து அவ்வாண்டு நவம்பரில் இஸ்ரேலுடன் தூதுறவை மீண்டும் நிறுவினார். குடும்பம் கூடுதற்பொருட்டுச் சிலரை அனுப்பவும் இசைந்தார். இச்செய்தி கேட்டு, 1990-ஆம் ஆண்டில் மலையூர்களிலிருந்து இருபதாயிரம் பேர் அளவில் தலைநகராகிய அடிசு அபாபாவுக்கு வந்து குவிந்தனர். அவர்களை வரவழைப்பதில் அமெரிக்க யூத அமைப்பொன்றும் பங்கு கொண்டது. அது நற்செயலா, துணிந்து செய்த பிழையா என்று அன்றே வழக்கிட்டனர். ஊரையும் மாட்டையும் விற்றுவிட்டு வந்தவர், நகரத்துக் குடிசைகளில் நெருக்குண்டு நோயுற்றனர், குழந்தைகள் இறந்தன. மருத்துவரும் பள்ளியும் ஏற்படுத்தப்பட்ட பின்னரே சாவு குறைந்தது.

மெங்கிஸ்துவோ ஆள் விடுக்கப் படைக்கலம் கேட்டார். படைக்கலம் தருவதை அமெரிக்கா விரும்பவில்லை. பேச்சு இழுபட்டது. இஸ்ரேல் தன் தூதராக யூரி லுப்ரானியை அனுப்பியது. அவர் பேரரசர் காலத்திலேயே எத்தியோப்பியாவில் தூதராயிருந்தவர். அந்நாட்டார் மனவியல்பை அறிந்தவர். அப்போது அமெரிக்கத் தலைவராகியிருந்த புஷ், 1991-ஆம் ஆண்டு ஏப்பிரலில் ரூடி பாஷ்விட்சு என்பாரைத் தம் சார்பாளராக விடுத்தார். இவர் செனட் சபையின் முன்னாள் உறுப்பினர். பெர்லின் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இட்லரின் ஆட்சிக்கு அஞ்சிப் பெற்றோருடன் குழந்தைப் பருவத்திலேயே நாடு நீங்கியவர். ஏதிலியின் பொருட்டு ஏதிலியே தூது சென்றார் எனலாம்.

இவர்கள் கண்ட தீர்வு யாது? எத்தியோப்பிய அரசுக்கு அந்நாளில் தலையாய தேவை, தலைநகர் குருதிக்களம் ஆகாமல் காத்தல். அமெரிக்கா, அரசினரையும் புரட்சியாளரையும் இலண்டனில் ஒரு மன்றத்தில் கூட்டிப் பேசச் செய்வதாக வாக்களித்தது. யூதரை விடுக்க வேண்டும் என்பதை அதனோடு இணைத்தது. இஸ்ரேல் மூன்றரைக் கோடி டாலர் தர உடன்பட்டது. நகரின் வாயிலை நெருங்கிவிட்ட புரட்சிப் படையினரையும் சிறிது பொறுக்குமாறு அமெரிக்கர் கேட்டுக்கொண்டனர். மே 21-ஆம் நாள் மெங்கிஸ்து நாட்டை விட்டு ஓடிச் சிம்பாப்வேயில் அடைக்கலம் புகுந்தார். அதுவரை பேசியதெல்லாம் வீணாகுமோ என்னும் நிலையில், புஷ் இடைக்காலத் தலைவருக்குக் கடிதம் விடுத்தார், அவரும் இசைந்தார்.

மனிதரை விடுக்கப் பொன் பெறுவதும், பொன் கொடுத்து மீட்பதும் அறமாகுமா என்று வினவுவார் உளர். பெற்றவர் செயலை எவரும் புகழார். கொடுத்தவரைப் பழிப்பது எளிதன்று. பழிப்போர் அன்று அக்குடிசைகளில் இருந்தவர் அல்லர்.

மே 24, வெள்ளிக்கிழமை. வானூர்திகள் ஒன்றன்பின் ஒன்றாக அடிசு அபாபாவில் வந்திறங்கின. அடையாளம் தெரியாதிருக்கச் சிலவற்றின் பெயரும் குறியும் மறைக்கப்பட்டிருந்தன. கூடுதலானோரை ஏற்றும்பொருட்டு இருக்கைகள் கழற்றப்பட்டிருந்தன. யூதர்க்கு வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை ஓய்வுநாள். அந்நாளில் பயணம் செய்தல் கூடாது. ஆயினும், உயிர்காத்தற்பொருட்டு அவ்விதியை மீறலாம் என்பது அவர்தம் அறநூல் முடிபு. ஆகவே இரவிலும் பகலிலும் பறந்தனர். மக்கள் தூதரகத் தோட்டத்தில் கூடினர். குடும்பம் சிதறாதிருக்க எண் பொறித்த சீட்டுகளை நெற்றியில் ஒட்டிக்கொண்டனர். வானூர்தியைக் கண்ணாற் கண்டறியாத முதியோர் வெள்ளாடை போர்த்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி ஏறினர். ஒரே ஊர்தியில் 1,080-க்கும் மேற்பட்டோர் சென்றனர். வானில் பறக்கும்போதே குழந்தைகள் பிறந்தன. இம்முறை இஸ்ரேல் அரசு, பணி முடியும்வரை செய்தித்தாள்களில் ஒரு வரியும் வெளிவராதபடி தணிக்கை செய்தது. 36 மணி நேரத்திற்குள் 14,000-க்கும் மேற்பட்டோர் இஸ்ரேல் மண்ணை மிதித்தனர். மே 28-ஆம் நாள் புரட்சிப் படை தலைநகரினுள் புகுந்தது.

வந்தவர்க்கு வாழ்வு உடனே இனிதாகிவிடவில்லை. அவர்தம் யூதத் தன்மையை ஐயுற்று, மீண்டும் சமயச் சடங்கு செய்துகொள்ளுமாறு சமயத் தலைவர் சிலர் வற்புறுத்தியதை எதிர்த்து 1985-ஆம் ஆண்டிலேயே அவர்கள் எருசலேமில் மறியல் செய்தனர். அவர்கள் கொடுத்த குருதி, நோய்க்கு அஞ்சி மறைவாகக் கொட்டப்பட்டது 1996-ஆம் ஆண்டில் வெளிப்பட்டபோது பெருங்கிளர்ச்சி எழுந்தது. சிக்த் விழா 2008-ஆம் ஆண்டில் அந்நாட்டின் அரசு விழாவாக ஏற்கப்பட்டது.

இன்னும் ஒரு கூட்டத்தார் உண்டு. முன்னோர் கிறித்தவ சமயம் தழுவியவர் என்னும் காரணத்தால் அன்று தூதரகத் தோட்டத்தின் வாயிலிலேயே நிறுத்தப்பட்டவர் அவர். வானூர்திகள் மேலெழும் ஒலியைக் கேட்டுக்கொண்டே அவர்கள் வெளியே நின்றனர். உடன்பிறந்தோர் உள்ளே சென்றுவிட, இவர்கள் அடிசு அபாபாவிலும் கோண்டாரிலும் தங்கிக் காத்திருந்தனர். அவருள் ஏறத்தாழ 9,000 பேரை ஏற்பதென்று இஸ்ரேல் அமைச்சரவை 2015-ஆம் ஆண்டு நவம்பரில் முடிவு செய்தது. அம்முடிவு நிறைவேறுவதற்கும் ஆண்டுகள் பல சென்றன.