உஷார்! ‘நானோ’ என்று சொல்லி வரும் புற்றுநோய் மருந்து

வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டால் காரைக்குடியானாலும் தேவகோட்டையானாலும் ஆலோசனை சொல்ல ஆட்கள் வந்து குவிந்துவிடுவார்கள். கசாயம், பத்தியம் என்றிருந்த அந்த வரிசையில் இப்போது நானோ மஞ்சள், நானோ வெள்ளி, நானோ தங்கம் என்று புட்டிகள் சேர்ந்திருக்கின்றன. “ஆச்சி, இது நானோ. ரத்தத்துல நேராப் போயி எதிர்ப்பு சக்தியைக் கிளப்பிவிட்டுரும். கீமோவெல்லாம் வேணாம்” என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே பேச்சை நிறுத்துங்கள். அந்தக் கடைசி வார்த்தைதான் உயிரைப் பறிப்பது.

நம்மூர் காரைக்குடிக்கு இதில் கூடுதல் ஆபத்து உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. அழகப்பா பல்கலைக்கழகத்தில் நானோ அறிவியலுக்குத் தனித் துறையே இருக்கிறது. அதனால் நானோ என்றதும் ‘நம்ம பிள்ளைகள் படிக்கிற படிப்புதானே’ என்று மரியாதை வந்துவிடுகிறது. அந்த மரியாதையைத்தான் விற்பவர் காசாக்குகிறார். ஆய்வுக்கூடத்தில் செல்லிலும் எலியிலும் பலித்தது மனிதனுக்கு மருந்தாகப் பல ஆண்டுகள் ஆகும். பெரும்பாலானவை ஆகாமலே போகும்.

உண்மையில் எதுவரை வந்திருக்கிறது?

மிக நுண்ணிய துகள்களாகச் செய்யும் நானோ மருந்து பொய்யில்லை. டாக்ஸில் என்ற நானோ வகை கீமோ மருந்துக்கு 1995-லேயே அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கொழுப்பு உறைக்குள் பொதிந்த அந்த மருந்தை இந்திய மருத்துவமனைகளிலும் புற்றுநோய் மருத்துவர் ஊசி மூலம் ஏற்றுகிறார். ஆனால் அதுவும் கீமோதான். எதிர்ப்பு சக்தியைக் கூட்டுவதற்கு வந்ததில்லை.

நோய் எதிர்ப்பு அணுக்களைப் புற்றின் மேல் ஏவிவிடும் நானோ தடுப்பூசிகளில் அதிகம் பேசப்படுவது, மெலனோமா என்ற தோல் புற்றுக்கான எம்ஆர்என்ஏ ஊசி. நோயாளியின் கட்டியை ஆராய்ந்து, அந்த ஒருவருக்கென்றே அதைத் தயாரிக்கிறார்கள். 157 பேரிடம் நடந்த ஆய்வில், எதிர்ப்பு சக்தியைத் தூண்டும் வழக்கமான இம்யூனோதெரபியோடு இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, நோய் திரும்பும் அல்லது இறக்கும் அபாயம் 44 சதவீதம் குறைந்தது. பெரிய நம்பிக்கைதான். இருந்தும் அதைத் தயாரிப்பவர்கள் உடனே கடைக்குக் கொண்டுவரவில்லை. 2023-ல் மூன்றாம் கட்டப் பரிசோதனையைத் தொடங்கினார்கள். ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் செய்யவேண்டிய ஒன்றை, எல்லாப் புற்றுக்கும் ஒரே சொட்டு என்று ஒருவர் நீட்டினால் அது மருந்தாக இருக்க முடியாது.

‘நேராகக் கட்டிக்கே போகும்’ என்பதையும் நம்பாதீர்கள். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த டொரண்டோ விஞ்ஞானிகள் 2016-ல் வெளியிட்ட கணக்கு இது: ஊசியில் ஏற்றிய நானோ துகள்களில் கட்டியைச் சேர்ந்தது ஏறக்குறைய 0.7 சதவீதம். மிச்சத்தில் பெரும்பங்கு கல்லீரலிலும் மண்ணீரலிலும் தங்கிவிடுகிறது.

எதிர்ப்பு சக்தியோடு விளையாடாதீர்கள்

2006 மார்ச்சில் லண்டனில், எதிர்ப்பு அணுக்களைத் தூண்டும் ஒரு புது மருந்தை ஆரோக்கியமான 6 இளைஞர்களுக்குக் கொடுத்தார்கள். விலங்குகளிடம் பாதுகாப்பானது என்று கண்ட அளவில் 500-ல் ஒரு பங்குதான் கொடுத்தது. சில மணி நேரத்தில் ஆறு பேரும் உறுப்புகள் செயலிழந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். இன்று அனுமதி பெற்ற இம்யூனோதெரபி மருந்துகளே சிலருக்குக் குடல், நுரையீரல், தைராய்டைத் தாக்குகின்றன. அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மருத்துவர் கண்காணிப்பிலேயே கொடுக்கிறார்கள்.

மஞ்சள்தானே என்றும் அலட்சியம் வேண்டாம். குழம்பில் போடும் மஞ்சள் வேறு, உடம்பு அதிகம் உறிஞ்சும்படி செய்த மஞ்சள் மாத்திரை வேறு. மிளகுச் சத்து சேர்த்த அப்படிப்பட்ட மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்கள் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறார்கள். கீமோ எடுப்பவருக்குக் கல்லீரல் கெட்டால் சிகிச்சையே நின்றுபோகும். வெள்ளித் துகள் கலந்த நீரைத் தொடர்ந்து குடித்தால் தோல் நீலம் பாய்ந்த சாம்பல் நிறமாகி, அப்படியே நின்றுவிடும்.

புட்டியைத் திருப்பிப் பாருங்கள்

லேபிளில் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண் இருந்தால் அது உணவுப் பொருள். அதற்கு நோயைக் குணமாக்கும் என்று சொல்லவே உரிமையில்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் ஆண்டு மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 6 மாதம் வரை சிறை.

‘இது ஆராய்ச்சி, டிரையல்’ என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் இதன் பதிவு எண் என்ன? எந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதித்தது? கையெழுத்துக்கு முன் படிக்கத் தமிழில் ஒப்புதல் படிவம் எங்கே? உண்மையான டிரையலில் பரிசோதனை மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்க மாட்டார்கள். கையை நீட்டிப் பணம் கேட்டால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

நாள் கடத்தினால் என்ன ஆகும்? பரவாத நிலையில் இருந்த மார்பகம், நுரையீரல், பெருங்குடல், புராஸ்டேட் புற்றுநோயாளிகளை வைத்து அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஆய்வில், முறையான சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியம் மட்டும் எடுத்தவர்கள் இறக்கும் அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல். குணமாகக்கூடிய நோயோடு இருந்தவர்கள் அவர்கள்.

பணத்துக்குப் பயந்து சொட்டு மருந்தைத் தேடவும் அவசியமில்லை. தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். புற்றுநோய் சிகிச்சையும் அதில் அடக்கம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டுங்கள். அங்கிருந்து மதுரைக்கோ அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ வழிகாட்டச் சொல்லுங்கள். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 104-க்குப் போன் செய்யுங்கள்.

ஏற்கெனவே அப்படி ஒரு புட்டி வாங்கியிருந்தால், மறைக்காமல் அடுத்த முறை மருத்துவரிடம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். அவர் பார்த்துச் சொல்லும்வரை ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். குறித்த தேதியில் கீமோவுக்குப் போய்விடுங்கள். அந்தத் தேதியை யார் சொன்னாலும் தள்ளிப்போடாதீர்கள்.