மனத்துயர் கேட்கவும் கற்றவர் வேண்டும்

மக்தபில் பாடம் முடிந்து பிள்ளைகள் கலைந்த ஒரு மாலையில், தாய் ஒருவர் தண்ணீர்ப் புட்டியுடன் வாசலில் நின்றார். "ஹஜ்ரத்! என் மகள் மூன்று மாதமாகச் சரியாக உறங்குவதில்லை, எவரோடும் பேசுவதில்லை. ஓதிக் கொடுங்கள்" என்றார்.

ஓதிக் கொடுத்தேன், துஆச் செய்தேன். ஆயினும் அப்பெண்ணின் உள்ளத்தில் இருப்பதைக் கேட்டறியும் பயிற்சி எனக்கில்லை. அந்நிய ஆண் ஒருவனிடம் அவள் மனம் திறக்கவும் மாட்டாள். கற்றறிந்த பெண் ஆலோசகர் எவரும் நம் ஊரில் இல்லாததால், வெளியூர் மருத்துவமனைக்கு அனுப்பி வைத்தேன்.

நோயுற்றால் மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்துள்ளார்கள். உள்ளத்தின் நோயும் நோயே. கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உளநலத்தையும் இணைத்து ஒரே நூலில் ஆராய்ந்தார். அத்தகைய மரபுக்குரிய நாம், பட்டம் பெற்ற நம் பெண்மக்களை இத்துறைக்கு அனுப்பத் தயங்கலாமா?

பெற்றோர் அறிய வேண்டிய வழிகள் இவை. உளவியல் அல்லது ஆலோசனை உளவியலில் எம்.ஏ., எம்.எஸ்ஸி. ஆகியவை இரண்டாண்டுப் படிப்புகள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியலுக்கெனத் தனித்துறையே உண்டு. இளங்கலையில் உளவியல் படித்தவரை மட்டும் சேர்க்கும் நிறுவனங்களும் உள்ளன; எப்பட்டதாரியையும் ஏற்பனவும் உள்ளன. வேறு பாடம் படித்தவர்களுக்கு எம்.எஸ்.டபிள்யூ. எனும் சமூகப்பணிப் பட்டமும் ஏற்றது. அதில் மருத்துவ, மனநலப் பிரிவைத் தேர்ந்தால் மருத்துவமனைகளிலும் போதை மீட்பு இல்லங்களிலும் பணியாற்றலாம். ஆலிமா பட்டம் மட்டும் பெற்றவர்கள், முதலில் பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றை முடித்தாக வேண்டும்.

'மருத்துவ உளவியலாளர்' என்பது வேறு. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழு ஏற்ற படிப்பும், அக்குழுவின் பதிவும் தேவை. நெடுங்காலம் இதற்கு வாயிலாக இருந்தது எம்.ஃபில். பட்டம். அப்பட்டத்தையே நிறுத்துவதென 2022இல் முடிவாகி, இத்துறைக்குச் சிலகாலம் விலக்களிக்கப்பட்டது. எனவே, பணம் கட்டுமுன் அக்குழுவின் அங்கீகாரப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். மருந்து எழுதும் உரிமையோ மருத்துவருக்கே உரியது.

இன்னொரு எச்சரிக்கை. வீட்டிலிருந்தே படித்துவிடலாம் என நம் பெண்கள் பலர் எண்ணுவர். 2021ஆம் ஆண்டின் இணை சுகாதாரப் பணியாளர் சட்டம் உளவியலையும் உள்ளடக்கியது. ஆகவே, 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் அஞ்சல் வழியிலும் இணைய வழியிலும் உளவியல் படிப்பில் புதிதாகச் சேர்க்கப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்துள்ளது. மூன்று மாதச் சான்றிதழைக் காட்டி 'ஆலோசகர்' எனப் பெயர்ப்பலகை மாட்டுவதும் தகாது. பிறர் துயரைக் கேட்பது மேற்பார்வையின் கீழ்ப் பழகிக் கற்க வேண்டிய கலை.

கேட்டதை வெளியே சொல்லாமை இத்தொழிலின் முதல் விதி. அது நமக்குப் புதிதன்று. மார்க்கம் அதனை அமானிதம் என்கிறது.

உடனடி உதவி நாடுவோர் 14416 என்னும் எண்ணில் அரசின் இலவச மனநலச் சேவையை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். ஆனால் அடுத்த தாய் என் வாசலுக்கு வரும்போது, நம் ஊர்ப் பெண் ஒருவரின் வீட்டை நான் காட்ட வேண்டும். இன்ஷா அல்லாஹ், அவர் உங்கள் மகளாக இருக்கட்டும்!