புதிய கணினி அடிக்கடி செயலிழப்பது ஏன்?

கடையில் முழுமையாக வாங்கும் கணினிக்கும், பகுதி பகுதியாக வாங்கி வீட்டிலே பொருத்திக்கொள்ளும் கணினிக்கும் உள்ள பிரதான வேறுபாடு விலையன்று, பொறுப்பேயாகும். முன்னையதிற் பழுது ஏற்பட்டால் அதனைச் செய்த நிறுவனம் விடை கூறவேண்டும். பின்னையதிலோ தாய்ப்பலகையை ஒரு நிறுவனமும், செயலியை இன்னொரு நிறுவனமும், நினைவகத்தையும் மின்வழங்கியையும் வேறு நிறுவனங்களும் செய்திருக்கும். ஒவ்வொன்றும் தன் பொருளுக்கு மாத்திரமே உத்தரவாதம் தரும். அவை யாவும் ஒன்றோடொன்று இணங்கி வேலை செய்யும் என்பதற்கு உத்தரவாதம் தரவேண்டியவர், அவற்றைப் பொருத்தியவரே.

இதனை விளங்கிக்கொள்வதற்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். மூத்த மகன் தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மூன்று மாதமாகப் பகுதிகளை ஒவ்வொன்றாக வாங்கி, உயர்தர வகுப்பிற் படிக்கும் தங்கைக்கு ஒரு கணினியைப் பொருத்திக் கொடுக்கிறான். முதல் நாள் யாவும் நன்றாக நடக்கின்றன. இரண்டாம் நாள் மாலை, அவள் ஒரு மணி நேரமாக எழுதிய கட்டுரை திரையில் இருக்கும்போதே, திரை திடீரென நீலமாகிறது. கணினி தானாகவே மீண்டும் தொடங்குகிறது. எழுதியது போய்விட்டது. மறுநாள் மூன்று முறை அவ்வாறே நிகழ்கிறது. கடைக்காரர் பழைய பொருளைத் தந்து ஏமாற்றிவிட்டார் என்கிறார் தந்தை. விண்டோஸ் முறைமையிலேதான் குறை என்கிறான் மகன். வீட்டு மின்சாரத்தில் ஏற்ற இறக்கம் இருக்கும் என்கிறார் கடைக்காரர். மூவர் கூறுவதும் நடக்கக்கூடியதே. ஆயினும் மூவரும் சோதித்துப் பாராமலே தீர்ப்புக் கூறிவிட்டனர்.

இத்தகைய வேளையில் முதலிற் செய்யவேண்டியது பழுதுபார்த்தல் அன்று. எழுதியவற்றையும் படங்களையும் வேறொரு சேமிப்பகத்திற் பிரதி செய்து வைத்தலே. அங்ஙனம் எடுக்கும் பிரதியால் முன்பிருந்த நல்ல பிரதியை அழித்துவிடவும் கூடாது. நினைவகத்திற் பிழை இருக்குமாயின், அப்பிழை கணினியை நிறுத்துவதோடு அமையாது. சில வேளைகளில் கணினி நில்லாமலே ஓடி, பிழையான எழுத்தையும் எண்ணையும் சேமிப்பகத்தில் எழுதிவிடும். திரை நீலமாவது கண்ணுக்குத் தெரியும் தீங்கு. ஓசையின்றிக் கோப்புக் கெடுவதோ பல மாதங்களின் பின்னரே தெரியவரும்.

அடுத்துச் செய்யவேண்டியது ஒரு கொப்பியை எடுத்துக் குறிப்பு எழுதுதல். எத்தனை மணிக்கு நின்றது, அப்போது என்ன வேலை நடந்தது, திரையில் என்ன சொற்கள் தோன்றின என்பவற்றை எழுதவேண்டும். யாதொரு செய்தியும் இன்றிச் சட்டென அணைந்தால், மின்வழங்கியையும் வெப்பத்தையும் முதலிற் சந்தேகிக்கலாம். நீலத் திரையோடு ஒவ்வொரு முறையும் வெவ்வேறு செய்தி தோன்றினால் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். விளையாட்டுகளின்போது மாத்திரம் நின்றால் வரைவியல் அட்டையும் அதற்குச் செல்லும் மின்சாரமும் சந்தேகத்துக்குரியன. இவை தடயங்களேயன்றி முடிவுகள் அல்ல. விண்டோஸ் பதிவேட்டிற் காணப்படும் 'கேர்னல் பவர் 41' என்னும் குறிப்பைக் கண்டு, மின்வழங்கி பழுது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். கணினி முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதையே அக்குறிப்பு முதன்மையாகக் கூறுகிறது; மின்வழங்கி பழுது என்று அது கூறுவதில்லை.

இனி, பணச் செலவில்லாத சோதனைகளைச் செய்யலாம். மின்தொடர்பை முற்றாகத் துண்டித்து, பெட்டியைத் திறந்து, தாய்ப்பலகைக்குச் செல்லும் பெரிய இணைப்பும், செயலிக்கென உள்ள தனி இணைப்பும் இறுதிவரை அழுந்தியுள்ளனவா என்று பார்க்கவேண்டும். செயலியின் மேலுள்ள குளிராக்கியின் அடியில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்திக் தாளை அகற்றாமலே பொருத்திவிடுவது, புதிதாகச் செய்வோர் பலர் விடும் தவறாகும். வெப்பம் மிகும்போது செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிடில் கணினி அணைந்துவிடும். பல செயலிகளுக்கு, வேகத்தைக் குறைக்கத் தொடங்கும் எல்லை 95 முதல் 100 பாகை செல்சியஸ் வரையில் அமைந்துள்ளது. மின்வழங்கியை மாத்திரம் ஒருபோதும் திறத்தல் கூடாது. மின்தொடர்பைத் துண்டித்த பின்னரும் அதனுள்ளே ஆபத்தான மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். சந்தேகம் இருப்பின், நண்பர் ஒருவரிடமிருந்து போதிய வலுவுள்ள வேறொரு மின்வழங்கியை, அதற்குரிய வடங்களோடு இரவல் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதே முறை.

நமது கற்பனை வீட்டில் இணைப்புகள் சரியாக இருந்தன, வெப்பமும் மிகவில்லை. கணினியை வேறொரு அறையின் மின்செருகியிற் பொருத்திப் பார்த்தும் பயனில்லை. பின்னர் மகன் லினக்ஸ் முறைமையை ஒரு யூ.எஸ்.பி. கோலில் ஏற்றி, விண்டோஸைத் தொடாமலே கணினியை இயக்கினான். அங்கும் அது நின்றது. ஆகவே விண்டோஸின் மீது சுமத்திய குற்றம் பெரும்பாலும் நீங்கியது.

அடுத்த சோதனை நினைவகத்தைப் பற்றியது. அவன் வாங்கிய டி.டி.ஆர். 4 வகை நினைவகத்தின் உறையில் 3600 என்னும் எண் அச்சிடப்பட்டிருந்தது. வினாடிக்கு 360 கோடி முறை தரவைப் பரிமாறும் என்பதே அதன் பொருள். ஆனால் அது அந்நினைவகத்தின் இயல்பான வேகம் அன்று. இயல்பு நிலையில் அது 2133 அல்லது 2666 போன்ற குறைந்த வேகத்திலே, 1.2 வோல்ற் மின்னழுத்தத்தில் இயங்கும். உறையிலுள்ள வேகத்தைப் பெறுவதற்குத் தாய்ப்பலகையின் பயோஸ் அமைப்பில் எக்ஸ்.எம்.பி. என்னும் ஏற்பாட்டை இயக்கவேண்டும். அப்போது மின்னழுத்தமும் ஏறத்தாழ 1.35 வோல்ற் ஆக உயரும். இவ்வேற்பாட்டை இன்ரெல் நிறுவனம் 2007ஆம் ஆண்டில் அறிமுகம் செய்தது. அவ்வேகத்தில் நினைவகம் தனித்து ஓடினாற் போதாது. செயலியும் தாய்ப்பலகையும் அதற்கு ஈடுகொடுக்கவேண்டும்.

மகன் அவ்வேற்பாட்டை நிறுத்திவிட்டு ஒரு நாள் முழுவதும் கணினியை இயக்கினான். ஒரு முறையேனும் அது நிற்கவில்லை. மீண்டும் அதனை இயக்கி, மெம்டெஸ்ற் 86 பிளஸ் என்னும் இலவசச் சோதனை நிரலை இரவு முழுவதும் ஓடவிட்டான். காலையில் திரையிற் பல பிழைகள் சிவப்பு நிறத்திற் காணப்பட்டன. இச்சோதனையில் ஒரு பிழை தோன்றினும் அதனைப் பொருட்படுத்தாது விடல் கூடாது.

பிழை நினைவகத்தின் பக்கம் என்று தெரிந்தது. எந்தத் துண்டில்? இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றத்தை மாத்திரமே செய்யவேண்டும். இரண்டை ஒருங்கே மாற்றினால், குணம் கண்டாலும் எதனால் என்பது விளங்காது. மகன் இரு துண்டுகளையும் கழற்றி, ஒரே பொருத்துவாயில் ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தான். ஒரு துண்டோடு பிழை கூடவே சென்றால் குற்றம் துண்டினது. எத்துண்டை வைத்தாலும் ஒரே பொருத்துவாயிற் பிழை தோன்றினால் குற்றம் தாய்ப்பலகையினது அல்லது செயலியினது. இரண்டு துண்டுகளும், இரண்டு வாய்களும் தனித்தனியே குற்றமற்றவையாகத் தேறின. இரு துண்டுகளையும் சேர்த்து வைத்தபோது மாத்திரமே பிழை தோன்றியது.

கொப்பியைப் புரட்டியபோது காரணம் வெளிப்பட்டது. பணத்தட்டுப்பாட்டால் முதல் துண்டை ஒரு மாதத்திலும், இரண்டாவதை இரு மாதங்களின் பின்னும் அவன் வாங்கியிருந்தான். இரண்டின் உறையும் ஒன்றே, எண்ணும் ஒன்றே. ஆனால் ஒரே பெயரில் விற்கப்படும் துண்டுகளின் உள்ளே வெவ்வேறு சில்லுகள் இருத்தல் கூடும். சோடியாக விற்கப்படுபவை ஒருங்கே இயங்கும் என்று சோதிக்கப்பட்டவை; தனித்தனியே வாங்கியவற்றுக்கு அந்த உறுதி இல்லை. மகன் வேகத்தை 3600இலிருந்து 3200ஆகக் குறைத்து, மீண்டும் இரவு முழுவதும் சோதித்தான். ஒரு பிழையும் இல்லை. கட்டுரை எழுதும் மாணவிக்கு அவ்வேறுபாடு தெரியப்போவதில்லை. தந்தை குற்றஞ்சாட்டிய கடைக்காரரும், கடைக்காரர் குற்றஞ்சாட்டிய மின்சாரமும் குற்றமற்றவை. புதிதாக ஒரு சதத்துக்கும் பொருள் வாங்கப்படவில்லை.

எல்லாப் பழுதும் இவ்வாறு வீட்டிலே தீர்ந்துவிடும் என்பதில்லை. இன்ரெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் செயலிகள் சிலவற்றை உடையோர், நெடுங்காலம் காரணம் அறியாது இடர்ப்பட்டனர். சில விளையாட்டுகளில், வரைவியல் அட்டையின் நினைவகம் போதாது என்னும் செய்தி தோன்றியது; அதனை நம்பியவர்கள் குற்றமற்ற அட்டையைச் சந்தேகித்தனர். செயலிக்குள் அளவுக்கு மிஞ்சிய மின்னழுத்தம் செல்வதே காரணம் என்று 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனம் அறிவித்தது. பயோஸ் வழியாகத் திருத்தத்தை வழங்கி, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீடித்தது. ஆனால் ஏற்கெனவே பழுதடைந்த செயலியை அத்திருத்தம் குணப்படுத்தாது. அதனை மாற்றியே பெறவேண்டும்.

அவ்வாறு மாற்றிப் பெறச் செல்பவருக்கும் அந்தக் கொப்பியே துணை. "கணினி அடிக்கடி நிற்கிறது" என்று மாத்திரம் கூறினால், கடைக்காரர் ஐந்து நிமிடம் இயக்கிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது என்று திருப்பித் தருவார். இன்ன நாளில், இன்ன பகுதியை மாத்திரம் மாற்றியபோது, இன்ன பிழை இத்தனை முறை தோன்றியது என்று எழுத்திற் காட்டினால், அதனை எளிதில் மறுக்க இயலாது. உத்தரவாதக் காலம் முடியுமுன் அக்குறிப்பை எழுதத் தொடங்குதல் நன்று.