ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது?

1992 ஜூலை மாதம். மேற்கு வங்காளத்தில் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்துவிட்டார். தலையில் பலத்த அடி. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வசதி இல்லை. பிறகு கல்கத்தாவுக்குக் கொண்டுபோனார்கள். ஒரு அரசு ஆஸ்பத்திரியில் படுக்கை இல்லை என்றார்கள். இன்னொன்றிலும் அதே பதில். கடைசியில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். செலவு சுமார் 17,000 ரூபாய். கூலிக்காரர் எங்கே போவார்?

அவரும் அவருடைய தொழிலாளர் சங்கமும் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1996-இல் தீர்ப்பு வந்தது. உயிர் காக்கும் வைத்தியம் தருவது அரசின் கடமை. பணம் போதவில்லை என்று அரசு தட்டிக்கழிக்கக் கூடாது. அவருக்கு 25,000 ரூபாய் நஷ்டஈடு தரவும் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம் என்கிறோம். உண்மையில் அது தர்மம் அல்ல. நாம் சோப்பு வாங்கினாலும் அதில் வரி இருக்கிறது. அந்த வரிப் பணத்தில்தான் ஆஸ்பத்திரி நடக்கிறது. ஊர் கூடி வெட்டிய பொதுக்கிணறு போல இது. தாகம் எடுத்தவர் இறைத்துக் குடிக்கலாம்.

தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளியே பணம் கட்ட வேண்டும். படுக்கைக்கு, பரிசோதனைக்கு, மருந்துக்கு என்று தனித்தனிக் கணக்கு. அங்கும் நல்ல டாக்டர்கள் உண்டு. ஆனால் கத்தரிக்காய் வாங்குவது போல அங்கே பேரம் பேச முடியுமா? எந்தப் பரிசோதனை தேவை, எது தேவையில்லை என்று நமக்குத் தெரியாது. பிள்ளை காய்ச்சலில் கிடக்கும்போது வேண்டாம் என்று சொல்லவும் வாய் வராது. மாட்டை விற்கிறோம். தாலியை அடகு வைக்கிறோம்.

பிரிட்டனில் 1948 முதல் வரிப் பணத்தில் எல்லோருக்கும் வைத்தியம் கிடைக்கிறது. பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்பீர்கள். தாய்லாந்து அவ்வளவு பணக்கார நாடு அல்ல. 2002-இல் அங்கும் எல்லா மக்களுக்கும் மருத்துவப் பாதுகாப்பு வந்துவிட்டது.

நம் நாட்டில் போர் குழு 1946-லேயே இதைச் சொன்னது. பணம் இல்லாததால் யாருக்கும் வைத்தியம் கிடைக்காமல் போகக் கூடாது என்றது. ஆனாலும் 2013-14-இல் மொத்த மருத்துவச் செலவில் 100 ரூபாய்க்கு 64 ரூபாயை மக்களே கையிலிருந்து கொடுத்தார்கள். 2021-22-இல் அது 39 ரூபாயாகக் குறைந்தது. இதுவும் அதிகம்தான்.

2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு கிடைக்கும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகலாம். ஆனால் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம். சர்க்கரை நோய்க்கு மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குக் கிடையாது. அதற்கு ஆரம்ப சுகாதார நிலையம்தான் கைகொடுக்க வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலைப் பகுதியில் 20,000 பேருக்கு ஒன்று என்பது அரசு வகுத்த அளவு. நிலையம் இருந்தால் மட்டும் போதாது, மருந்து இருக்க வேண்டும். ராஜஸ்தானில் 2011 முதல் அரசு ஆஸ்பத்திரியில் மருந்தும் இலவசம். உங்கள் ஊர் நிலையத்தில் என்னென்ன மாத்திரை இருக்கிறது என்று ஒருநாள் போய்க் கேட்டுப் பாருங்கள்.